பிழை சுரத்திலா, விரலிலா?

உரும்பிராய்ச் சந்தியில் பலாலி வீதியை விட்டு இறங்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், வெங்காயத் தறைகளுக்கு நடுவே ஒரு சிறு வீடு இருக்கிறது. மாலையில் நீர் இறைக்கும் இயந்திரங்களின் ஓசை அடங்கியதும் அந்த வீட்டிலிருந்து நாதஸ்வரத்தின் ஒலி எழும். அது கச்சேரியன்று, கீர்த்தனையுமன்று. மூன்று நான்கு சுரங்கள் மட்டுமே மீண்டும் மீண்டும் ஏறும், இறங்கும், ஓரிடத்தில் இடறும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கற்றுக்கொள்பவனின் ஒலி அது. கேட்பதற்கு இனிமையானதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒலியின் பின்னே ஒரு கேள்வி நிற்கிறது. சில மாதங்களாக என்னை உறங்கவிடாத அந்தக் கேள்வியை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசிப்பவன் இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞன். தந்தை பிறர் தோட்டங்களில் கூலிக்கு மண் கொத்துபவர். வன்னியில் சிறுவனாக இருந்த காலத்தில், 2009இல் போர் ஓய்ந்தபின், நிலத்தில் கிடந்த ஏதோ ஒரு பொருளை விளையாட்டாகக் கையில் எடுத்தான். இடக்கையின் மோதிரவிரலில் அடிக்கணு ஒன்றுதான் இப்போது எஞ்சியிருக்கிறது. நாதஸ்வரம் கற்க வேண்டுமென்ற ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்ததென்று நான் கேட்டதில்லை. கோயில் திருவிழா இரவுகளில் வீதியோரம் நின்று கேட்டு வளராத பிள்ளை நம் ஊர்களில் யார் இருக்கிறார்கள்?

கற்பிக்கும்படி வேண்டி அவன் ஒரு முதியவரிடம் சென்றான். அவர் முதலில் அவனுடைய கையைப் பார்க்கவில்லை. "ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். பதில் கிடைத்த பின்னரே கையைப் பார்த்தார். "தம்பி, இந்த விரலோடை இது சரிவராது. வேறை ஏதும் படியன்" என்றார். அவன் திரும்பி வந்தான். பழைய கருவி ஒன்றை எப்படியோ தேடிப் பெற்றான். இல்லாத விரலின் இடத்தில் சுண்டுவிரலை வைத்துத் தானாகவே ஊதத் தொடங்கினான். இரண்டாண்டுகள் கழித்து மீண்டும் அம்முதியவர் முன் சென்று வாசித்துக் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பின்பு கண்ணைத் திறந்து அவனுடைய விரல்களைப் பார்த்தார். "உது முறையில்லை" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் வந்து அவன் கேட்டான்: "மாஸ்ரர், சுரம் பிழையோ, விரல் பிழையோ?"

நான் இசை அறிந்தவனல்லன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் கற்பித்து ஓய்ந்தவன். அன்று அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. யோசித்துப் பார்க்கப் பார்க்க, இது இசையைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று என்பது தெளிவாயிற்று. ஒரு செயலின் நேர்மையை அதன் பயனைக் கொண்டு அளப்பதா, அது செய்யப்படும் முறையைக் கொண்டு அளப்பதா? முறை என்று ஒன்றை வகுத்தவர் யார்? அந்த முறைக்குள் அடங்காத கையை என்ன செய்வது?

முதலில் முதியவரின் பக்கத்தை நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே சுருதியைச் சீர்செய்வதற்கென வேறு ஐந்து துளைகள் உண்டு; அவற்றை வேண்டிய அளவுக்கு மெழுகால் அடைத்துக்கொள்வர். ஏழு துளைகளுக்கும் மேற்கையின் மூன்று விரல்கள், கீழ்க்கையின் நான்கு விரல்கள். மேற்கையின் சுண்டுவிரலுக்கு வேலையில்லை. பன்னிரண்டு சுரத்தானங்களும், அவற்றிடையே அசைந்தாடும் கமகங்களும் இந்த ஏழு துளைகளிலிருந்தே பிறந்தாக வேண்டும். ஒரு துளைக்கு ஒரு சுரம் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது. துளையை முழுதாக மூடுவதா, பாதி மூடுவதா, மூச்சை எவ்வளவு அழுத்துவது, சீவாளியை உதடு எப்படிப் பற்றுவது என்னும் நூறு நுட்பங்கள் சேர்ந்தே ஒரு சுரத்தை உருவாக்குகின்றன. தொடக்கத்தில் படிந்த விரல் பழக்கத்தைப் பின்னாளில் மாற்றுவது மிகக் கடினம். இரவு முழுதும் சுவாமிக்கு முன்னே நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டிய தொழில் இது. நடுச்சாமத்தில் களைத்த விரலைத் தாங்கிப் பிடிப்பது பழகிய முறைதான். ஆகவே முறை என்பது வெறும் பிடிவாதமன்று. பல தலைமுறைகள் பட்ட அனுபவத்தின் சுருக்கம் அது. இதை மறுப்பவன் உழைப்பின் அருமையை அறியாதவன்.

ஆயினும் ஒரு சுரத்துக்கு ஒரே விரல்முறைதான் உண்டா? இதற்கு விடை தேடும்போது நாதஸ்வரத்தின் தூரத்து உறவுக் கருவி ஒன்று நமக்கு உதவுகிறது. அதன் பெயர் ஓபோ. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டில் உருப்பெற்ற மரக்குழல் அது. நம் சீவாளியைப் போலவே நாணல் இனத் தட்டையில் செய்த இரட்டை நாக்கைக் கொண்டு ஊதப்படுவது. மேல்நாட்டு வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்குமுன் சுருதி சேர்ப்பதற்கு ஆதாரமான ஒலியைக் கொடுப்பதும் இதுவே.

ஓபோ பயிலும் மாணவன் மிக விரைவிலேயே ஒரு புதிரைச் சந்திக்கிறான். மேல்நாட்டார் 'எஃப்' என்று அழைக்கும் ஒரே சுரத்துக்கு அங்கே மூன்று விரல்முறைகள் உண்டு. மேலே இடக்கையின் மூன்று விரல்களும் மூடியிருக்க, வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தத்தம் துளைகளை மூடும். மோதிரவிரல் பக்கத்திலுள்ள ஒரு சாவியை அழுத்தும். இது முதல் முறை. தெளிவான ஒலியைத் தருவதும் இதுவே. ஆனால் சற்றுக் கீழேயுள்ள 'டி' சுரத்திலிருந்து இதற்கு ஏற வேண்டுமென்றால் இடர் வருகிறது. 'டி' சுரத்துக்கு அதே மோதிரவிரல் தன் துளையை மூடியிருக்க வேண்டும். ஒரே விரல் ஒரே கணத்தில் துளையை விட்டுச் சாவிக்குத் தாவ வேண்டும். தாவும்போது இடையில் வேண்டாத ஓர் ஒலி கேட்கும், அல்லது இசை அறுந்துபோகும். அதனால் இன்னொரு முறை வைத்திருக்கிறார்கள். மோதிரவிரலை அது இருந்த இடத்திலேயே விட்டு, நடுவிரலை மாத்திரம் எடுத்துவிடுவது. இரு விரல்கள் மூடியிருக்க நடுவே ஒன்று திறந்திருப்பதால் இதைக் கவட்டு முறை என்று கூறலாம். மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். ஆயினும் பல கருவிகளில் ஒலி சற்று மங்கும். மூன்றாவது, இடக்கைச் சுண்டுவிரலால் வேறொரு சாவியை அழுத்தி அதே சுரத்தைப் பெறுவது. ஒலியும் தெளிவு, மாற்றமும் எளிது. ஆனால் மாணவர்க்கென விலை குறைத்துச் செய்யப்படும் கருவிகள் பலவற்றில் அந்தச் சாவியே இருப்பதில்லை!

இந்தச் சிறிய செய்தியில் எவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது பாருங்கள். 'எஃப்' சுரத்துக்குச் சரியான விரல் எது என்று கேட்டால், ஓபோ ஆசிரியர் உடனே விடை சொல்ல மாட்டார். எந்தச் சுரத்திலிருந்து வருகிறாய், எந்தச் சுரத்துக்குப் போகிறாய் என்று திருப்பிக் கேட்பார். தனித்து நிற்கும் ஒரு சுரத்துக்குச் சரியும் இல்லை, பிழையும் இல்லை. வந்த வழியும் போகும் வழியும் சேர்ந்துதான் விரலைத் தீர்மானிக்கின்றன. மனிதருக்கும் இது பொருந்தாதா? எல்லாரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் என்று எண்ணுகிறவனே எல்லாரிடமும் ஒரே விரல்முறையைக் கேட்கிறான். வன்னியின் ஒரு வெளியில் விரலை இழந்துவிட்டு வந்த பிள்ளையும், பரம்பரையாகக் கருவி தொங்கும் வீட்டில் பிறந்த பிள்ளையும் வந்த வழிகள் வேறு. சேர வேண்டிய சுரம் ஒன்றுதான்.

இதிலிருந்து எந்த வழியும் சரி என்று முடிவு கட்டிவிடுதல் தகாது. கவட்டு முறை எளிதென்பதற்காக எங்கும் அதையே கையாளும் மாணவன், தேவையற்ற இடத்திலும் மங்கிய ஒலியைத் தருகிறான். அது சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர். மாற்று வழி என்பது மூன்று முறைகளையும் அறிந்தவன் காரணத்தோடு தேர்ந்துகொள்வது. ஒன்றை மட்டும் அறிந்தவனுக்கு அது பழக்கம். மூன்றும் அறிந்தவனுக்கே அது சுதந்திரம். ஆகையால் மாற்று விரல்களைத் தொடக்கத்திலேயே மாணவனுக்குக் காட்டிவிட வேண்டுமென்பேன். ஒவ்வொன்றும் என்ன தருகிறது, எதைப் பறிக்கிறது என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒழுங்கு என்ற பெயரில் மற்றவற்றை மறைப்பவர் மாணவனுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பிக்கிறார், இசையைக் கற்பிப்பதில்லை.

முறைகளும் சாசுவதமானவையல்ல. ஐரோப்பாவில் விசைக்கட்டைக் கருவிகளை வாசித்தவர்கள் நெடுங்காலம் பெருவிரலைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருந்தார்கள். யொகான் செபஸ்தியான் பாக்கின் மகன் 1753இல் எழுதிய நூலில், தம் தந்தையார் இளமையில் கேட்ட பெரிய வித்துவான்கள்கூட விரல்களை மிக அகல விரிக்க நேர்ந்தாலன்றிப் பெருவிரலைப் பயன்படுத்தியதில்லை என்று குறித்திருக்கிறார். தந்தை அந்தப் பெருவிரலை மற்ற விரல்களோடு சமமாக வேலைக்கு அழைத்தார். இன்று பெருவிரலைத் தள்ளிவைத்து அக்கருவிகளைக் கற்பிக்கும் ஆசிரியரைக் காண்பது அரிது. நேற்று 'முறையில்லை' என்று ஒதுக்கப்பட்டது இன்று முறையின் அடிப்படை ஆகிவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் பெல்ஜியத்தில் 1910இல் பிறந்தவர். ஐரோப்பா இகழ்ந்து ஒதுக்கிய ரோமா நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1928இல், அவருக்குப் பதினெட்டு வயதாயிருந்தபோது, குடியிருந்த வண்டி தீப்பற்றி இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. கித்தார் வாசிப்பவனுக்கு இடக்கை விரல்களே உயிர். அவர் எஞ்சிய இரு விரல்களைக் கொண்டு தனி வரிசைகளை வாசிக்கும் புதிய முறையொன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். ஐந்து விரலும் வாய்த்தவர்கள் இன்று அவருடைய வாசிப்பைத் தட்டுத்தடுமாறிப் பின்பற்ற முயல்கிறார்கள். அவருடைய முறையைப் பிழை என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

ஆனால் இத்தகைய வெற்றிக் கதைகளோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு மேதை தடையைத் தாண்டிவிட்டதால் தடை நியாயமாகிவிடாது. நம் நாட்டிலேயே வழங்கும் பழங்கதை இதைக் கடுமையாகவே உணர்த்துகிறது. வேடர் குலத்துப் பிள்ளை ஏகலைவனை, அவன் பிறப்பைக் காரணம் காட்டித் துரோணர் மாணவனாக ஏற்கவில்லை. மண்ணால் ஆசிரியர் உருவம் செய்து வைத்து அவன் தானே கற்றான். கற்றது தெரியவந்ததும் அவனுடைய வலக்கைப் பெருவிரல் காணிக்கையாகக் கேட்கப்பட்டது. பெருவிரலை இழந்த ஏகலைவன் மற்ற விரல்களால் அம்பு தொடுத்துப் பார்த்தானாம். பாரதம் அதையும் சொல்கிறது. முன்பிருந்த வேகம் இல்லை என்றும் சொல்கிறது. அதுவும் ஒரு மாற்று விரல்முறைதான்! அதைத் திறமையின் சான்றாகப் போற்றிவிட்டு, விரலைக் கேட்ட கையை மறந்துவிட்டால், நாம் கதையைப் பாதியிலேயே மூடிவிட்டவர்களாவோம்.

இனி நம் யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். "ஆர் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி அந்த முதியவரின் வாயில் பிறந்ததன்று. இந்த மண்ணில் இசைக்குக்கூட வேலி போட்டிருந்தார்கள். இன்னார் வீட்டுக் கலியாணத்தில் மேளம் வாசிக்கலாம், இன்னார் வீட்டில் வாசிக்கலாகாது என்று உயர்ந்தோர் எனப்பட்டோர் வகுத்திருந்தனர். 1923இல், உரும்பிராய்க்கு அதிக தொலைவிலில்லாத சுதுமலையில், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் சாவீட்டுக்கு மேளம் அமர்த்தியதற்காகக் கலகமே மூண்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல உரிமை கேட்டு மக்கள் நிற்க நேர்ந்தது. செத்தவனுக்கு ஒலிக்கும் மேளத்திலும் குலம் பார்த்த ஊரில், கற்க வந்தவனின் குலத்தைக் கேட்பது வியப்பன்று.

அதே வேளை, நாதஸ்வரக் கலைஞர்களும் அந்த வேலிக்கு வெளியே நின்றவர்களல்லர்; அதற்குள் நெருக்குண்டவர்கள். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் புகழே நாதஸ்வரமும் தவிலும் என்று பெருமை பேசுகிறோம். வாசிக்கும்போது தலையாட்டினோம், வாசித்து முடித்ததும் எங்கே நிற்க வைத்தோம்? திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டுமென்ற வழக்கத்தை ஏற்காமல், மற்றக் கலைஞர்களைப் போல மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று போராட வேண்டியிருந்தது. நிலமில்லாத, மதிப்பில்லாத ஒருவனுக்குத் தன் விரலிலுள்ள வித்தைதான் ஒரே உடைமை. அதையும் ஊரெல்லாம் கற்றுவிட்டால் தன் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று அவன் அஞ்சுவதில் பொருள் உண்டு. காணி உள்ளவன் வேலி போட்டால் அதிகாரம்; காணியற்றவன் வித்தைக்குப் போடும் வேலி பெரும்பாலும் பயம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எனவே அந்த முதியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரைப் பயத்தில் வைத்திருந்த ஒழுங்கின் மீதுதான் கோபம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன்னை நெருக்கிய வேலியைத் தனக்குக் கீழே வருபவனுக்கும் போடுகிறவன், தன்னையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறான்.

மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் இசைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிறப்பைக் கேளாமல் இசையைப் பாடமாகக் கற்பிக்கும் வழி திறந்தது நல்ல மாற்றம். எனினும் கூலிக்காரரின் மகனுக்குப் பல்கலைக்கழக வாசல்வரை வருவதற்கே இன்னும் எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது!

இங்கேதான் நாதஸ்வரத்தின் வரலாறே நமக்கு ஒரு பெரிய பாடம் சொல்லித் தருகிறது. முற்காலத்தில் வழங்கிய திமிரி என்னும் குட்டை நாதஸ்வரத்தில் சுத்த மத்தியமம் செவ்வையாகப் பேசாது. அந்தச் சுரம் வேண்டிய இராகங்களை வாசிக்க வித்துவான்கள் விரலையும் மூச்சையும் வருத்தி வளைத்து ஒருவாறு ஒப்பேற்றினார்கள். கருவியின் குறையை மனிதரின் விரல் சுமந்தது. அதையே திறமை என்றும் போற்றினார்கள். பின்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைஞர், இராஜரத்தினம் பிள்ளையின் ஒத்துழைப்போடு, குழலின் நீளத்தையும் துளைகளின் அளவையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். பாரி நாயனம் பிறந்தது. சுத்த மத்தியமம் தன் இடத்தில் நேராக ஒலித்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஆசாரி செய்ததை எண்ணிப் பாருங்கள். விரல்களைப் பார்த்து 'நீங்கள் இன்னும் வளைய வேண்டும்' என்று அவர் சொல்லவில்லை. துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்று கண்டதும், எவ்வளவு புனிதமான கருவியாயினும், துளையை மாற்றினார். ஒருவன் விரலை வளைக்க நேர்ந்தால் அது அவனுடைய சாதுரியம். எல்லாரும் வளைக்க நேர்ந்தால் குறை குழலில் இருக்கிறது. மாற்று விரல்முறை இன்றைக்கு வேண்டும். அதைக் கண்டுபிடித்தவனை வாழ்த்த வேண்டும். ஆனால் ஏழையின் பிள்ளை மாத்திரம் என்றைக்கும் வளைந்துகொண்டே இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கும் சமுதாயம், திமிரியைக் கையில் வைத்துக்கொண்டு விரலைக் குற்றம் சொல்லும் சமுதாயமாகும்.

அந்த இளைஞனுக்கு இப்போது விடை கூற என்னால் முடிகிறது. 'உது முறையில்லை' என்று சொல்பவரிடம், சுரத்தில் உள்ள பிழையைக் காட்டும்படி பணிவோடு கேள். காட்டினால் கைகட்டி நின்று திருத்திக்கொள். அவர் உன் ஆசிரியர். காட்ட முடியாவிட்டால், அவர் பிழை காண்பது உன் சுரத்திலன்று. உன் கையில், அல்லது உன் பிறப்பில். அதற்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை.

இதை அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "பிழையும் இருக்கு மாஸ்ரர். இறங்கேக்கை அந்தச் சின்னவிரல் பிந்துது" என்றான். அவனுடைய பிழையை அவனே கண்டுபிடித்திருக்கிறான். முறை காக்கும் பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய குறிப்பு அது. குலத்தைக் கேட்ட நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இப்போதும் மாலைதோறும் அந்த வீட்டிலிருந்து ஒலி எழுகிறது. இறங்கும் வரிசையில் சுண்டுவிரல் இன்னும் சற்றுப் பிந்துகிறது. நேற்றைவிடக் குறைவாகப் பிந்துகிறது. வீதியால் போகிறவர்கள் சிலர் நின்று கேட்கிறார்கள். இருட்டில் அவனுடைய விரல்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. சுரம் மாத்திரமே கேட்கிறது. வெளிச்சத்திலும் அவ்வாறே கேட்க நாம் எப்போது கற்றுக்கொள்ளப் போகிறோம்?